தொட்டிலை அறுத்துச் செய்த விளக்கு

பலா இனத்து அயனிப் பலகையை ரம்பத்தால் அறுக்கும்போது ஒரு மணம் வரும். பழைய பலகை என்றால் முதல் இரண்டு இழுப்புக்கு அது வராது. மேலே படிந்த கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் அறுபட்டுத் தீர்ந்த பிறகுதான், நேற்று வெட்டியதுபோல உள்ளே ஒளிந்திருக்கும் மஞ்சள் மரத்திலிருந்து லேசாகப் புளித்த, லேசாக இனித்த ஒரு வாசனை எழும்பி மூக்கில் ஏறும். நாகர்கோவிலில் மரக்கடைகள் இருக்கும் தெரு வழியாகப் போக நேர்ந்தால் இன்றும் நான் நடையை எட்டிப் போடுகிறவன். கூட வருகிறவர்கள் இவருக்கு மரத்தூள் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிடுவேன்.

எங்கள் பக்கம் மலையாள ராஜ்யத்தோடு சேர்ந்திருந்த கடைசி வருடங்களில் ஒன்று அது. பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் சாலையை விட்டு விலகி, வயல்களுக்கு நடுவே இருந்தது எங்கள் ஊர். எனக்குப் பதினொரு வயது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். கைத்தொழில் வகுப்பு எடுத்த சார், மாசி மாதம் நடக்கப்போகும் ஆண்டு விழாவுக்காக ஆளுக்கொரு பொருள் செய்து, கார்த்திகைக்குள் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஒரு சட்டமும் போட்டார். "புதுசா ஒரு துண்டுகூட வாங்கப்பிடாது, கேட்டியளா? வீட்டுல வேண்டாம்னு களைஞ்சு போட்ட சாமானத்துலேருந்துதான் செய்யணும்."

அந்த வருடம் எப்படியாவது பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. முந்தைய வருடம் நான் பனையோலையில் முடைந்து கொண்டுபோன பெட்டி, சார் அதைத் தூக்கிக் காட்டும்போதே அடி கழன்று விழுந்து, வகுப்பு முழுவதும் சிரித்து, அதிலிருந்து எனக்கு "அடியில்லாப் பெட்டி" என்று பெயர் விழுந்திருந்தது. மூத்திரம் பெய்யப் போனாலும் அந்தப் பெயர் பின்னாலேயே வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கும் சின்னச் சிமினி விளக்கை அடுக்களையிலிருந்து தொழுவத்துக்குக் கொண்டுபோவதற்குள் காற்று இரண்டு தடவை அணைத்துவிடும் என்று அம்மா தினமும் அலுத்துக்கொள்வாள். அந்த விளக்கை உள்ளே வைத்துத் தூக்கிப் போகிற மாதிரி, நான்கு பக்கமும் கண்ணாடி வைத்து, மேலே பிடி வைத்து, ஒரு மரக்கூண்டு விளக்கு செய்துவிட்டால் ஒரு பயலும் வாயைத் திறக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். மரம்தான் இல்லை. ஐப்பசி மழையில் ஊரில் கிடந்த விறகுகூட ஊறிப்போயிருந்தது.

தொழுவத்து மச்சில் உடைந்த கலப்பை, ஓட்டை மரக்கால், பழைய கதவின் ஒற்றைப் பாளம் இவற்றுக்கெல்லாம் அந்தப் பக்கம், கயிற்றால் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு இருந்தது. நான்கு கடைசல் கால்கள், ஆறு சட்டங்கள், அடிப்பலகை. அயனி மரம், எலும்பாகக் காய்ந்திருந்தது. அது எதன் மரம் என்று தெரியாமல் அறுத்துவிட்டேன் என்றுதான் இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். பொய். நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியாமல் இருக்க முடியாது. அது எங்கள் குடும்பத்துத் தொட்டில்.

அந்தத் தொட்டில் ஒரு வீட்டில் தங்குவதில்லை. அப்பாவின் பாட்டனார் காலத்தில் செய்தது. எங்கள் வீட்டிலும், எங்கள் வீட்டிலிருந்து பெண் கொடுத்த வீடுகளிலும் எங்கே பிள்ளை பிறக்கிறதோ அங்கே வண்டியேறிப் போகும். பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கியதும் கழற்றிக் கட்டி, கட்டின்மேல் ஒரு மரக்கால் நெல்லும் தேங்காயும் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். வெறுங்கட்டாக அது வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பிள்ளை பிறந்த இருபத்தெட்டாம் நாள் தொட்டிலில் போடும்போது, பிள்ளையின் தாய்மாமன் தலைமாட்டுச் சட்டத்தில் குமிழ் வைத்த பித்தளை ஆணி ஒன்றை அடிக்க வேண்டும். இருபத்தெட்டு நாள் தாண்டாத பிள்ளைக்கு ஆணி கிடையாது. ஒருத்தர் இந்தக் குடும்பத்துக்கு உள்ளவர்தானா என்பதற்கு அந்த ஆணியைத்தான் சாட்சியாகச் சொல்வார்கள். "உனக்கு ஆணி அடிச்சிருக்குலே, நீ எங்க போயிருவ?" என்று அப்பா என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ஆகவே தெரியும். தெரிந்தே, தம்பிக்கு ஐந்து வயதாகிவிட்டது, இனிமேல் இது யாருக்கு என்று ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு, அரிவாளால் கயிற்றை அறுத்தேன்.

அப்பா வயலுக்குப் போயிருக்கும் மத்தியானங்களில், அம்மா அடுக்களை வேலை முடித்துக் கொஞ்சம் கண்ணயரும் நேரம் பார்த்து, தொழுவத்தின் பின்பக்கம் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் வேலை செய்தேன். சட்டங்களை முழங்கை நீளத்துக்கு அறுத்து நான்கு நிலைக்கால் ஆக்கினேன். அடிப்பலகையைச் சதுரமாக வெட்டி மேலும் கீழும் வைத்தேன். கடைசல் காலில் ஒன்றை அறுத்துக் கைப்பிடி. உடைந்த சாமி படத்தின் கண்ணாடியை வைரம் வைத்து அறுக்கத் தெரியாமல், தண்ணீருக்குள் வைத்துக் கத்தரியால் நறுக்கி, விரலையும் நறுக்கிக்கொண்டேன். முதல் தடவை உள்ளே விளக்கை வைத்துக் கதவைச் சாத்தியதும் எண்ணி ஐந்து நிமிடத்தில் அணைந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடியும் அணைந்தது. விளக்குக்கும் மூச்சு வேண்டும் என்று மூன்றாம் நாள்தான் புத்தியில் உறைத்தது. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அடியில் எட்டு ஓட்டை, மேலே பன்னிரண்டு ஓட்டை போட்டதும் சுடர் நிமிர்ந்து நின்றது. அந்த நிமிடம் எனக்கிருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது முழுச் சந்தோஷம். அதில் ஒரு சொட்டுக் குற்ற உணர்வுகூட இல்லை.

ஆணிகளைத்தான் கடைசியில் பிடுங்கினேன். பதின்மூன்று ஆணி. ஒவ்வொன்றையும் புளி போட்டுத் தேய்த்துப் பொன்னாக்கி, விளக்கின் முன்பக்கக் கதவைச் சுற்றி வரிசையாக அடித்தேன். அழகுக்கு. அப்பாவுக்கும் அவர் உடன்பிறந்தவர்களுக்கும் எனக்கும் தம்பிக்கும் அடித்த ஆணிகள், எது யாருடையது என்று தெரியாதபடி இடம் மாறிப்போயின. வீட்டில் யார் கண்ணிலும் படாமல் சாக்கில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் சாரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலே, இது நீ செஞ்சதா? உள்ளதைச் சொல்லு" என்றார். உள்ளதைச் சொன்னேன். நான்தான் செய்தது. விளக்கு தலைமையாசிரியர் அறைக்குப் போனது. அடியில்லாப் பெட்டி அன்றோடு செத்துப்போனான்.

மார்கழி பிறப்பதற்கு நான்கைந்து நாள் முன்னால் பகவதி அத்தை வந்தாள்.

பகவதி அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. பூதப்பாண்டியில் கொடுத்திருந்தது. அதற்கு முன் இரண்டு பிள்ளை பெற்று இரண்டும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் நாள், ஒன்று பத்தொன்பதாம் நாள். இப்போது ஏழாம் மாதம், பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கும்போதே என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். அவள் உண்டாகியிருப்பது என்னைத் தவிர எல்லாருக்கும் முன்னமே தெரியுமாம். பிள்ளைகள் காதில் அதையெல்லாம் போடுகிற வழக்கம் அப்போது இல்லை. அவளுடைய வயிற்றைப் பார்த்ததும் என் கண் தானாகத் தொழுவத்து மச்சுப் பக்கம் போனது.

இரண்டு நாள் கழித்து மழை விட்டு வெயில் அடித்தது. புறவாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அத்தை என்னைக் கூப்பிட்டாள். "மக்கா, மச்சுல ஏறி அந்தத் தொட்டிலைக் கொஞ்சம் எறக்கித் தருவியா? இப்பமே கழுவிக் காயப்போடணும். இந்தத் தடவ உங்க அப்பா கையால எனக்கும் ஒரு ஆணி அடிச்சிரணும், பாத்துக்கோ." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

"அது கரையான் அரிச்சுப் போட்டு அத்த" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தயாராக இருந்ததுபோல் வந்துவிட்டது.

"எல்லாமா?"

"எல்லாம்."

"ஆணி?"

"அதும்தான்."

கரையான் பித்தளையைத் தின்னுமா என்று அத்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே நான் பிடிபட்டிருப்பேன், அத்தனையும் அன்றோடு முடிந்திருக்கும். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போகக்கூட மறந்து அப்படியே கிடந்தது. பிறகு இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். நான் மாட்டுக்கு வைக்கோல் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அங்கிருந்து நழுவினேன்.

அம்மா விஷயத்தைக் கேட்டதும் நம்பவில்லை. ஆடி மாதம் அவளே மச்சைத் தூத்துப் பெருக்கியிருந்தாள். ஏணி வைத்து ஏறிப்போய் வெகுநேரம் கழித்து இறங்கினாள். பிறகு தொழுவத்தின் பின்பக்கம் போனாள். நான் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா என் முன்னால் வந்து உள்ளங்கையை விரித்தாள். அதில் மஞ்சள் மரத்தூள் இருந்தது.

"எங்கலே?" என்றாள்.

"பள்ளிக்கூடத்துல. வெளக்கு செஞ்சு குடுத்துட்டேன்."

அம்மா அடிக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிணற்றுக்குள் பார்த்தாள். "பொடியன் அறுத்துப் போட்டான்னு தெரிஞ்சா உங்க அப்பா உன்னை உயிரோட விடமாட்டாரு. அவளுக்கும் நெஞ்சு தாங்காது. கரையான்னு சொன்னது கரையானாவே இருக்கட்டும். வாயைத் தெறக்காத" என்றாள்.

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது.

ஆனால் வீட்டில் ஒரு சாமானைக் கரையான் அரித்தால் அது யார் குற்றம்? அதை நானும் யோசிக்கவில்லை, அம்மாவும் யோசித்திருக்க மாட்டாள். மச்சைத் தூப்பதும் கரையானுக்கு வேப்பெண்ணெய் அடிப்பதும் வீட்டுக்காரியின் வேலை. அன்று சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்து, விஷயம் தெரிந்து, அம்மாவை நிறுத்திவைத்துக் கேட்டது தெருவுக்கே கேட்டது. "ஒரு தொட்டிலைப் பாத்து வைக்கத் துப்பில்ல உனக்கு. உம் பிள்ளையளுக்குச் சோலி தீந்துதுன்னா, எந் தங்கச்சிக்கு உள்ளதைக் கரையானுக்குப் போட்டுருவியா?" அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "கவனிக்காமப் போயிட்டேன், மிச்சத்தைக் குப்பையில தள்ளிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். நான் பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். சத்தமாகப் படித்தேன்.

அப்பா ஆசாரியை அழைத்துப் புதுத் தொட்டில் செய்யச் சொன்னார். அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. முந்திய இரண்டும் போன மாதிரி இதுவும் போகப்போகிறது, அதுதான் தொட்டில் முன்னாலேயே போய்விட்டது என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. ஐந்தாம் நாள் காலையில், தன்னைப் பூதப்பாண்டிக்கே கொண்டுவிடும்படி கேட்டாள். பிரசவத்துக்கு வந்த பெண் பிறந்த வீட்டில் பெறாமல் திரும்பிப் போவது என்றால் அந்த வீட்டுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. அப்பா கெஞ்சினார். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தை கையை விடுவித்துக்கொண்டாள். "எனக்கு உள்ளது இந்த வீட்டுல இல்ல மைனி. நான் அங்ஙனயே பெத்துக்கிடுதேன்."

வண்டி பூட்டி முடிக்கிறவரை நான் வைக்கோல்போருக்குப் பின்னால் நின்றேன். கரையான் இல்லை அத்தை, நான்தான், என்று ஒரு வரி சொன்னால் போதும். அவள் அழுவாள், திட்டுவாள், அப்பா என் தோலை உரிப்பார், ஆனால் அவள் வண்டியிலிருந்து இறங்கிவிடுவாள். இது அந்த வயதிலும் எனக்குப் புரிந்துதான் இருந்தது. வண்டி தெரு முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

தை கடைசியில் பிள்ளை பிறந்தது. பெண். தங்கியது. அந்த ஒரு விஷயத்துக்காக நான் கும்பிடாத சாமி இல்லை. ஆனால் இருபத்தெட்டாம் நாளுக்கு அப்பாவுக்கு மட்டும்தான் சொல்லி அனுப்பினார்கள்; அவர் கையில் ஆணி இல்லாமல் போய், ஒரு சங்கிலியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அண்ணன் மனைவியான மைனி தன் பிள்ளைகளுக்கு ஆணி அடித்து முடித்ததும் தொட்டிலைக் கரையானுக்குப் போட்டுவிட்டாள் என்று பூதப்பாண்டியில் பேச்சு நடந்தது. அது எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. அம்மா குளத்துக்குக் குளிக்கப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டாள்.

அந்த மாசியில்தான் ஆண்டு விழா. நான் கூப்பிடவில்லை. அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் இருந்த தம்பியிடம் சாரே சொல்லி அனுப்பியிருந்ததால் அம்மா வந்தாள். வெள்ளைத் துணி விரித்த மேசை நடுவில் விளக்கு. சார் உற்சாகமாக, "பாருங்கம்மா, உங்க மகன் கைவேலையை" என்றார். அம்மா குனிந்து பார்த்தாள். கதவைச் சுற்றி இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தவள், தலை ஒரு பக்கம் சப்பிப்போன ஓர் ஆணியில் நிறுத்தினாள். "இது உனக்கு அடிச்சது. உங்க மாமன் குறி தப்பி அடிச்சுட்டான்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். பிறகு நிமிர்ந்து சாரிடம், "கொள்ளாம்" என்றாள். நன்றாக இருக்கிறது என்பதற்கு எங்கள் பக்கம் அதுதான் சொல். எனக்கு முதல் பரிசு கிடைத்தது. என்ன பரிசு என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவு வரவில்லை.

அதன் பிறகு அம்மா முப்பது வருடம் போல உயிரோடு இருந்தாள். ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்பா கோபம் வந்தால் சுற்றிச் சுற்றி அந்தத் தொட்டிலுக்குத்தான் வருவார். அப்போதும் அம்மா என் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாள். நான் படித்து, உத்தியோகம் பார்த்து, பிள்ளை குட்டி பெற்று, அந்த வீட்டிலேயே அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கடைசிவரை தெரியாமலே போனார். அம்மா இறந்தபோது பூதப்பாண்டிக்கு ஆள் அனுப்பினோம். அத்தை வரவில்லை.

பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள், எப்படியோ துணிச்சல் வந்து, பூதப்பாண்டிக்குப் பஸ் ஏறினேன். அத்தைக்கு எண்பது வயதுக்குப் பக்கம். மகள் வீட்டில் இருந்தாள், அந்தப் பெண்பிள்ளையின் வீட்டில்தான். முறத்தில் அரிசி வைத்துக் கல் பார்த்துக்கொண்டிருந்தவளின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மச்சு, ரம்பம், பதின்மூன்று ஆணி, கரையான். முடித்த பிறகு, "கரையான் பித்தளையைத் தின்னாதுன்னு எனக்கும் தோணாமப் போச்சு பாரு" என்று பொக்கை வாயால் சிரித்தாள். எனக்கு மூச்சு வந்தது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கேட்டாள்: "மைனிக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும் அத்த."

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தா?" என்றாள். பிறகு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். "அவ சாவுக்கு நான் வரல்லியே மக்கா. ஆளு வந்து சொல்லியும் வரல்லியே."

அவளுடைய மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து என்ன சொன்னீர்கள் என்று என்னைக் கேட்டாள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். என் பாரத்தை இறக்கி வைக்கப் போனவன், அதை ஒரு கிழவியின் தலையில் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், இடம் இருந்தும்.

இப்போது அத்தையும் இல்லை. தொழுவம் இருந்த இடத்தில் தம்பி மகன் கார் நிறுத்துகிறான். பள்ளிக்கூடத்துக்குக் கரண்டு வந்த பிறகு விளக்கு ஒரு பெஞ்சுக்கு அடியில் கிடந்ததாகவும், ஓட்டுக் கூரையை மாற்றும்போது குப்பையோடு போனதாகவும் கேள்வி. பித்தளையாயிற்றே, ஆணிகளை யாராவது பிடுங்கி எடுத்திருப்பார்கள். குடும்பத்தில் இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்குக் கம்பித் தொட்டில், சக்கரம் வைத்தது, கடையிலிருந்து அப்படியே வந்துவிடுகிறது. ஒரு வீட்டுத் தொட்டில் இன்னொரு வீட்டுக்குப் போவதில்லை. அதனால் ஒருவருக்கும் மனத்தாங்கலும் இல்லை.

போன வாரம் பேத்தி அட்டையும் பசையும் பரப்பிக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வேண்டாம் என்று போட்ட பொருளிலிருந்து ஏதாவது செய்துவரச் சொல்லியிருக்கிறார்களாம் அவளுடைய பள்ளிக்கூடத்தில். "தாத்தா, சின்ன வயசுல நீங்க இந்த மாதிரி ஏதாவது செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல மக்கா, எனக்குக் கைவேலை வராது" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தயாராக இருந்தது.